நெய் பூசிய ஈயக்குண்டு

சிவப்புத் தாளைப் பிரித்தபோது உள்ளே நெய் உருண்டை இருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இப்படி ஒன்று நடந்தால் யாரும் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் நான் வீட்டில் இல்லை. பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால், ஈயச் சுரங்கக்காரர்கள் தோண்டிப் போட்டுவிட்டுப் போன குளக்கரையில், கையில் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தாளுக்குள் இருந்திருக்க வேண்டியது தூண்டில் கயிற்றுக்கான காரீயக்குண்டு. நடுவில் துளையிட்டு, மெழுகும் நெய்யும் பூசி, நானே வார்த்துச் சுற்றி வைத்தது.

பச்சைத் தாளைப் பிரித்தேன். நெய் உருண்டை. மஞ்சளைப் பிரித்தேன். அதுவும் அப்படியே.

சந்தேகம் தீர ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். அப்போதும் தீரவில்லை. என் மனைவி சரஸ் பிடிக்கும் நெய் உருண்டையைப் பொறுத்தவரை, கடித்துப் பார்ப்பது முடிவான சோதனை அல்ல.

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த குமரேசன் மச்சான், சரஸின் அண்ணன், என் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா மாப்ளே, இந்த வருஷம் மீனுக்கும் தீபாவளியா?"

நெய் உருண்டை இங்கே குளக்கரையில் இருக்கிறது. அப்படியானால் ஈயக்குண்டு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வி மெதுவாக, காலிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

பெர்த் கொட்டகை

இந்தத் தொடரை விடாமல் படிக்கும் நான்கைந்து பேருக்கு (அதில் ஒருவர் என் அக்கா) மச்சானைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வாழ்வின் நடுப்பகுதி முழுவதும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் கழிந்தது. அங்கே உரிமத்தோடு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். வார இறுதிகளில் துப்பாக்கிச் சங்கத்துக்குப் போய்க் காகிதத்தைச் சுடுவார். உயிருள்ள எதையும் சுட்டதில்லை. ஒருமுறை கொட்டகையில் எலி வந்தபோது கதவைத் திறந்துவிட்டு, "வெளிய போ" என்று இங்கிலீஷில் சொன்னதாக அவர் மனைவி சாட்சி சொன்னதுண்டு.

சுடுவதைவிட அவருக்குப் பிடித்தது வார்ப்பது. தோட்டாவின் முன்னால் நிற்கும் ஈய முனையை அவரே உருக்கி, அச்சில் ஊற்றி, எடுத்து, தேன்மெழுகுக் கலவை பூசுவார். பூசியதை உடனே பயன்படுத்தமாட்டார். வெற்றுக் குப்பியில் வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்கும் நாள் எப்போதோ வரும். அதுவரை அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மச்சானின் மேதைமை முழுவதும் அந்த "அதுவரை"யில்தான் இருந்தது.

ஒருமுறை அங்கே போயிருந்தபோது என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பிளாஸ்டிக் தட்டுகளில் ஈய முனைகள் வரிசை வரிசையாக, அடிப்பாகம் கீழே, மூக்கு மேலே, ஒன்றை ஒன்று தொடாமல், பள்ளிக்கூட அணிவகுப்புபோல நின்றன. எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியில் நாங்கள் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

"வார்க்கிறது எவனும் வார்ப்பான் மாப்ளே. வச்சுக் காப்பாத்தறதுதான் விஷயம்" என்றார்.

"அப்படியா மச்சான்."

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது. ஒட்டுனா பூசுனது பிஞ்சு வந்துடும். தூசி படக் கூடாது. மெழுகுல மண்ணு ஒட்டிக்கும், அப்புறம் குழாயைக் கீறிடும். வெயில் ஆகவே ஆகாது, உருகி வழிஞ்சிடும். ஒரு அளவை இன்னொரு அளவோட கலக்கக் கூடாது. மூடி இறுக்கமா இருக்கணும். தொட்டா கை கழுவணும். கழுவாம சோத்துல கை வச்சே, என்கிட்ட சொல்லாத."

நான் தலையாட்டினேன். காப்பீட்டு முகவனுக்குத் தலையாட்டுவது தொழில். எதிரே இருப்பவர் பேசி முடித்தால்தான் நாம் ஆரம்பிக்க முடியும். மச்சான் அன்று முடிக்கவே இல்லை. அவருக்கு ஆயுள் காப்பீடு விற்கலாம் என்று நான் கொண்டுபோன தாள்கள் அப்படியே எங்கள் ஊர் ஈப்போவுக்குத் திரும்பி வந்தன.

ஓய்வு பெற்றதும் துப்பாக்கியையும் அச்சுகளையும் அங்கே சங்கத்திலேயே ஒப்படைத்துவிட்டு, ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நம் நாட்டில் அந்தப் பொழுதுபோக்குக்கு வழியில்லை. உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும், அதற்குப் பிறகு நம் வாழ்க்கையில் வக்கீல்களைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள். மச்சான் சட்டத்தை மதிப்பவர். எதிரே வண்டியே இல்லாத வளைவிலும் சிக்னல் போட்டுத் திரும்புவார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? ஆறு மாதம் தோட்டத்தில் கத்தரிக்காய் போட்டுப் பார்த்தார். கத்தரிக்காயை வார்க்க முடியாது. பிறகு ஒருநாள் என்னோடு மீன் பிடிக்க வந்து, தூண்டில் கயிற்றில் கோர்க்கும் ஈயக்குண்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"யாரு மாப்ளே செஞ்சது இது? ஒழுங்கே இல்லையே" என்றார்.

அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது.

எடுத்ததைத் திருப்பிப் போடுதல்

டயர் கடைகளில் சக்கரத்தைச் சமன் செய்யச் சொருகும் ஈயத்துண்டுகள் பழசானால் வாளியில் கிடக்கும். அதை வாங்கி வருவோம். மெங்லெம்பில் ஒரு லேத் கடைக்காரர் அச்சு செய்து கொடுத்தார். சிம்பாங் பூலாய் வீட்டுக் கொல்லையில், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. அந்தக் கரண்டியை மச்சான் பூட்டி வைப்பார். அவர் வீட்டில் தங்க நகை வெளியே கிடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பேராக் மாநிலத்து மண்ணிலிருந்து ஒரு நூற்றாண்டாக ஈயத்தைத் தோண்டி எடுத்தார்கள். குழியில் மழைத் தண்ணீர் நிறைந்து குளமாயிற்று. அந்தக் குளத்தில் நான் வாரம் தவறாமல் மீன் பிடிக்கிறேன். மீன் சிக்குவதில்லை. கயிறு அறுந்து ஈயம் மட்டும் உள்ளே போகிறது. எடுத்தது வெள்ளீயம், நான் போடுவது காரீயம். இருந்தாலும் கணக்கு நேராகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நிம்மதி.

வார்த்த குண்டுக்கு எண்ணெய் பூச வேண்டும் என்றார் மச்சான். பூசாவிட்டால் வெள்ளை பூத்துவிடும். பூசினால் கயிறும் வழுக்கிக்கொண்டு ஓடும். இது பாதி உண்மை, பாதி பழக்கதோஷம் என்பது என் கருத்து. அவர் கலவை தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும். அந்த வாரம் என் பங்குக் குண்டுகளை நானே வீட்டில் கொல்லைப்புறத்தில் வைத்துப் பூசினேன். மெழுகு இருந்தது. தேங்காய் எண்ணெய் போத்தலில் அடி மட்டும்தான் இருந்தது. சமையலறை அலமாரியில் சரஸ் தீபாவளிக்காக வாங்கி வைத்த பசுநெய் இருந்தது.

மேலே விவரிக்க விரும்பவில்லை.

மெழுகும் நெய்யும் நன்றாகக் கலந்தன. குண்டுகள் மினுங்கின. மறுநாள் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. மச்சானின் முதல் விதி. நம் வீட்டில் அவர் வைத்திருந்த மாதிரி தட்டு ஏது? சரஸ் நெய் உருண்டை சுற்றுவதற்கு வெட்டி வைத்த வண்ணத்தாள் மீந்து கிடந்தது. இரண்டு முனையிலும் குஞ்சம் வெட்டி, நடுவில் உருண்டையை வைத்து முறுக்குவார்களே, அதேதான். ஈயத்தை ஒவ்வொன்றாகச் சுற்றினேன். பெரியது சிவப்பு, நடுத்தரம் பச்சை, சின்னது மஞ்சள். அளவுகள் கலக்கவில்லை. ஒட்டவில்லை. தூசி இல்லை.

மூடி இறுக்கமான பாத்திரம் வேண்டும். தீபாவளிப் பலகாரம் போடும் சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்தேன். வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் வேண்டும். அது சரஸின் பலகார அலமாரி.

மச்சானின் விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்த ஒரே நாள் அது. இனிமேல் அப்படிச் செய்வதாக இல்லை.

ஒரே மாவு

இப்போது சண்முகநாதன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகள் கவிதா கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். உடன் வேலை செய்யும் ஜெயன் என்ற பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். நல்ல பையன். அப்பா சண்முகநாதன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அம்மா பரமேஸ்வரி ஓய்வு பெற்ற மருத்துவத் தாதி. ஈப்போவில் கிரீன் டவுன் பக்கம் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவர்கள் தாத்தா இங்கே வந்தது ரயில்வே குமாஸ்தாவாக. என் தாத்தா வந்தது ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவ. இருவரும் ஒரே கப்பலில் வந்திருக்கவே முடியாது என்பதில் இரண்டு வீட்டுக்கும் சந்தேகம் இல்லை.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். அவர்கள் எங்களிடம் மிகவும் மரியாதையாக இருந்தார்கள். நாங்கள் அதைவிட மரியாதையாக இருந்தோம். இப்படிப் போட்டி போட்டதில், நிச்சயம் முடிந்து மூன்று மாதமாகியும் இரண்டு வீட்டிலும் ஒருவர்கூடச் சாய்ந்து உட்காரவில்லை.

அவர்கள் வீட்டில் பயற்றம் உருண்டை செய்வார்கள். எங்கள் வீட்டில் நெய் உருண்டை. வறுத்த பயற்று மாவுதான் இரண்டும். ஆகவே, முதல் தீபாவளிக்கு நம் வீட்டுப் பலகாரம் அங்கே போவது என்பது சரஸுக்குப் பரீட்சை. அந்த அம்மாள் ஒரு கடி கடித்தால் நெய் எத்தனை கரண்டி, மாவு எவ்வளவு வறுத்தது, வந்த இடம் எது, எல்லாம் தெரிந்துவிடும் என்று அவள் நம்பினாள். அதற்காகவே ஒரு போத்தல் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். மற்றதெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போய்விட்டது.

ஆக, அலமாரியில் இருந்தவை இரண்டு போத்தல். ஒன்று பரீட்சைக்கு. இன்னொன்று மீனுக்கு.

கரையிலிருந்து கிரீன் டவுன் வரை

குளக்கரையிலிருந்து சரஸைக் கூப்பிட்டேன்.

"அலமாரியில இருந்த நெய் உருண்டை போத்தல் எங்க?"

"அதான் நேத்து சாயங்காலம் சம்பந்தி வந்தாங்களே, குடுத்துட்டேன். நீங்கதான் பாலிசிக்கு ஆள் பார்க்கப் போய்ட்டீங்க. ஏன்? உங்களுக்கு வேணுமா? வருஷா வருஷம் ஒண்ணுகூடத் தொட மாட்டீங்களே."

"போத்தல் கனமா இருந்துச்சா?"

"நல்ல கனம். நெய் நல்லாப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

நான் சொன்னேன். தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த மிக்சிச் சத்தம் நின்றது.

"அவங்க அதை வாயில வச்சா?" என்றாள்.

அதுதான் பயம். ஈயம் விஷம். வேறு யார் வீட்டுப் பலகாரமாக இருந்தாலும், கடித்துப் பார்த்துக் கல்லாக இருந்தால் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களோ மரியாதைக்காரர்கள். சம்பந்தி வீட்டுப் பலகாரம் கொஞ்சம் உறுதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, எங்கள் மனம் நோகக் கூடாதே என்று வாயில் ஒதுக்கி வைத்து, மெல்ல மெல்லச் சப்பிச் சாப்பிட முயன்றிருந்தால்? ஒரு கல்யாணம் மரியாதையால் கெட்டுப்போகலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அவர்கள் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும் 'டூட் டூட்' சத்தம். மறுபடியும் அதே. கைபேசியைச் சண்முகநாதன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார். அந்த அம்மாளிடம் கைபேசியே இல்லை. ஜெயனும் கவிதாவும் கோலாலம்பூரிலிருந்து வரும் நெரிசலில் எங்கோ நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் பேசிட்டு இருக்காங்க போல" என்றார் மச்சான்.

"மச்சான், கொஞ்சம் சும்மா வாங்க."

"நான் என்ன சொன்னேன்? வச்சுக் காப்பாத்தறதுதான் விஷயம்னு சொன்னேன்லா."

அவர் வண்டியில்தான் போனோம். உலகம் அழிந்தாலும் எழுபதுக்கு மேல் போகாத வண்டி. சிலிபினில் எங்கள் வீட்டு வாசலில் சரஸ் தயாராக நின்றாள். தலையில் பாதி எண்ணெய், கையில் பயற்று மாவு. பின் இருக்கையில் ஏறியதும் நெய் உருண்டைப் போத்தலை என்னிடமிருந்து வாங்கி, எண்ணிப் பார்க்காமலே கேட்டாள்.

"இதுல மூணு குறையுதே?"

"பிரிச்சுப் பார்த்தேன்."

"பிரிச்சதைத் திருப்பிச் சுத்தத் தெரியாதா?"

"ஒண்ணை மீன் தின்னுருச்சு" என்றார் மச்சான். "அதுக்கு அப்புறம் மீனைக் காணோம்."

சரஸ் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "அந்த அம்மா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அவர்களுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயத்தைவிட அது சின்னது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அதுதான் வாயில் வந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காப்பீட்டுத் தொழிலில் இருபது வருஷம் பிறருக்கு விபத்துகளை வர்ணித்தவன் நான். இந்த வகை விபத்து எங்கள் கையேட்டில் இல்லை.

வெள்ளித்தட்டு

கதவைத் திறந்தது பரமேஸ்வரி அம்மாள். உயிரோடு இருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். பல் எல்லாம் இருந்தது.

"வாங்கோ, வாங்கோ. இப்பத்தான் உங்களைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்" என்றார். எங்கள் சேற்றுக் காலையோ மச்சானின் தொப்பியில் தொங்கிய தூண்டில் முள்ளையோ அவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நேத்து குடுத்த அந்த நெய் உருண்டை..." என்று ஆரம்பித்தேன்.

"அதைத்தான் கேக்க இருந்தனான். நேற்று இரவு ஒண்டைப் பிரிச்சனான். நல்ல நெய் மணம். வாயில வைக்கப் போனன், கனத்தைப் பார்த்திட்டு நிப்பாட்டிட்டன். உடனே இவருக்குக் காட்டினன்."

சண்முகநாதன் உள்ளேயிருந்து வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"நான் உடனே விளங்கிக்கொண்டன் ராஜன்" என்றார் என்னைப் பார்த்து. "இது தின்னுற சாமான் இல்லை. சம்பிரதாயம்."

எங்களைச் சாமி அறைக்குக் கூட்டிப்போனார்.

வெள்ளித்தட்டு ஒன்றில் என் ஈயக்குண்டுகள் இருந்தன. சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். ஒவ்வொன்றின் மேலும் குங்குமப் பொட்டு. சுற்றிலும் மல்லிகை. முன்னால் விளக்கு எரிந்தது. பத்து காஜா குளத்தில் விரால் பிடிக்க வார்த்தவை, முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தன.

"பேராக் எண்டால் ஈயம்" என்றார் சண்முகநாதன், வகுப்பில் பேசுவதுபோல. "உங்கட ஆக்கள் வந்து இறங்கின மண். அந்த மண்ணின்ர பொருளை எடுத்து, நெய்யில தோய்ச்சு, மங்கலமாய்ச் சிவப்புத் தாளில சுத்திச் சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கிறது. நடுவில துளை வேற, கயிறு கோக்க. ஆழமான வழமை. என்ன, சரியோ?"

"காலமையில இருந்து எல்லாரையும் கேட்டன்" என்றார் அந்த அம்மாள். "சிரம்பானில அக்காவுக்குத் தெரியேல்லை. கிள்ளானில மச்சாள் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறாவாம். பதிலுக்கு நாங்கள் என்ன வைக்க வேணும் எண்டுதான் தெரியாமல் நிக்கிறம். எங்களுக்கு உங்கட வழக்கம் தெரியாது எண்டு நீங்கள் குறையாய் நினைச்சிடக் கூடாது."

தொலைபேசி ஏன் ஓயவில்லை என்று புரிந்தது. இரவு முழுக்க அவர்களும் பயந்திருக்கிறார்கள். எங்கள் முன்னால் தாழ்ந்துபோய்விடக் கூடாதே என்று.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மா, நீங்கள் பொட்டு வைத்திருப்பது மீன் பிடிக்கிற ஈயத்துக்கு" என்ற வாக்கியத்தை மனசுக்குள் மூன்று விதமாக அமைத்துப் பார்த்தேன். எந்த விதத்தில் சொன்னாலும் அந்த அம்மாள் சிவந்த முகத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற காட்சியில்தான் அது முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வீடும் எத்தனை வருஷம் மரியாதையாக இருக்க வேண்டியிருக்கும்?

"ஆமாங்க" என்றாள் சரஸ். "எங்க பக்கம் அப்படித்தான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"குடும்பம்னா கனமா இருக்கணும். எந்தத் தண்ணியில போட்டாலும் அடிச்சிட்டுப் போகக் கூடாது, போட்ட எடத்துல நிக்கணும். அதுக்குத்தான் ஈயம். பதிலுக்கு ஒண்ணும் வேணாம். கல்யாணத்தன்னைக்கு ரெண்டே ரெண்டு எடுத்துத் தாம்பாளத்துல வச்சாப் போதும்."

அது தூண்டில் ஈயத்தின் இலக்கணம். பல வருஷமாக நான் சொல்லும்போதெல்லாம் அவள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பாள்.

பரமேஸ்வரி அம்மாளுக்குக் கண் கலங்கியது. "எவ்வளவு நல்ல வழக்கம்" என்றார்.

சரஸ் கையிலிருந்த போத்தலை நீட்டினாள். "இது சாப்பிடுறதுக்கு. நேத்து மறந்துட்டேன்."

அப்போது சண்முகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "கல்யாணம் வரைக்கும் இதை எப்படிப் பாதுகாத்து வைக்க வேணும்? அதுக்கும் ஒரு முறை இருக்கும்தானே?"

மச்சான் தொப்பியைக் கழற்றினார். அவர் வாழ்நாளில் இந்தக் கேள்வியை யாரும் தானாக முன்வந்து அவரிடம் கேட்டதில்லை.

"இருக்குங்க சார்" என்றார். "நிறைய இருக்கு. ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாது. தூசி படக் கூடாது. வெயில் ஆகவே ஆகாது. இப்ப விளக்குக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க பாருங்க, அது தப்பு, உருகும். சிவப்பைப் பச்சையோட கலக்கக் கூடாது. மூடி இறுக்கமா இருக்கணும். தொட்டா உடனே சோப்புப் போட்டு கை கழுவிடணும், அது ரொம்ப முக்கியம். சின்னப் பிள்ளைங்க கையில குடுக்கவே கூடாது."

சண்முகநாதன் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். "எவ்வளவு ஒழுங்கு" என்றார் மனைவியிடம். விளக்கைத் தள்ளி வைத்தார். பிறகு எல்லாரும் வரிசையாகப் போய்க் கை கழுவினோம். திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன். அந்த வீட்டு நாற்காலியில் நான் முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எதிரே அவரும்.

திரும்பும் வழியில், சிலிபின் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து சரஸின் குரல் வந்தது.

"நல்ல நெய் மணம்னாங்களே. அது என்னோட நெய்யா?"

மச்சான் சிக்னல் விளக்கை மிகக் கவனமாகப் பார்த்தார்.

"கல்யாணம் முடியட்டும்" என்றாள். "பேசிக்கலாம்."

தாம்பாளம்

கல்யாணம் நன்றாக நடந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு மஞ்சளுக்கு நடுவே, சிவப்புத் தாளில் சுற்றிய இரண்டு. அவர்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்க, பரமேஸ்வரி அம்மாளே விளக்கம் சொன்னார். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அது அவர்கள் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்கள். என் அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏன் என்று இந்த வாரம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை ஜெயன் எங்களோடு குளத்துக்கு வந்தான். பெட்டியைத் திறந்து கொடுத்தேன். ஒரு ஈயத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, எங்க வீட்டு சாமி ரூம்ல ரெண்டு இருக்கு."

"ஆமா."

"அம்மா வெள்ளிக்கிழமை பூ வைக்கிறாங்க."

"தெரியும்."

கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்தான். பிறகு கயிற்றில் கோர்த்து வீசினான். "நல்லா நிக்குது மாமா" என்றான். அவ்வளவுதான். எனக்கு மருமகனைப் பிடித்துப்போன நாள் அதுதான்.

போன மாதம் சிலிபினில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். என் வாடிக்கையாளர் ஒருவரின் மகளுக்கு. எங்களுக்கு உறவில்லை, சண்முகநாதனுக்கும் உறவில்லை. மொய் எழுதிவிட்டு மணமேடைப் பக்கம் போனால், தாம்பாளத்தில் வெற்றிலைக்கு அருகே சிவப்புத் தாளில், குஞ்சம் வைத்து, இரண்டு.

"இது என்னங்க?" என்று பக்கத்தில் நின்ற பெண்ணின் அத்தையைக் கேட்டேன்.

"பழைய வழக்கம்லா அண்ணே" என்றார். "நம்ம ஆளுங்க தோட்டத்துல காலங்காலமாச் செய்யிறதுதான். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு எங்க தெரியுது."

ஒன்றைக் கையில் எடுத்தேன். நல்ல கனம். மூக்கருகே கொண்டுபோனேன். மெழுகும், சந்தேகமில்லாமல், பசுநெய்யும்.

மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். அழைப்பே போயிருக்க முடியாத மச்சான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மேலே சுழலும் காற்றாடியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரஸ் என் கையிலிருந்து அதை வாங்கித் தட்டில் வைத்தாள். இன்னொன்றோடு உரசாமல், விளக்கை விட்டுச் சற்றுத் தள்ளி.

பிறகு இருவரும் கை கழுவப் போனோம்.